கிடாரத்துப் பெடியனுக்கு வைத்த நேர்த்தி

என் சீவியத்தில் முதலிலிருந்து கடைசிவரை நான் அறிந்த புத்தகம் ஒன்றே ஒன்றுதான். அதுவும் இங்கிலீசுப் புத்தகம். தமிழே வாசிக்கத் தெரியாதவளுக்கு இங்கிலீசுப் புத்தகம் எப்படி என்று கேட்பீர்கள். அதைத்தான் சொல்ல வருகிறேன். நான் சொல்லச் சொல்ல மகள் எழுதுகிறாள். நான் "வந்தனான்" என்றால் அவள் "வந்தேன்" என்று எழுதிவிட்டு, "புத்தகத்தில அப்பிடித்தானம்மா எழுதவேணும்" என்கிறாள். எழுதட்டும். நடுவில் நிற்கிறவள் கொஞ்சம் கூட்டிக் குறைத்தால்தான் கதை ருசிக்கும் என்று அந்த இங்கிலீசுப் புத்தகம் எனக்கு எப்போதோ காட்டித் தந்துவிட்டது. பேரப்பிள்ளைகள் பக்கத்திலிருந்து சிரிக்கிறார்கள். அவர்களும் சிரிக்கட்டும்.

வெள்ளைக்காரக் கடற்படை திருகோணமலையை விட்டுப் போன காலம். எனக்குக் கலியாணமாகி ஒரு வருசம் ஆகியிருக்காது. அவருக்கு டொக்யாட்டில், கப்பல் திருத்துகிற இடத்தில், பாரம் தூக்கும் மெசின் பக்கம் வேலை. வெள்ளைக்காரர் கொண்டுபோக மனமில்லாமல் விட்ட சாமான்களை ஏலம் போட்டார்கள். எங்கள் ஒழுங்கையில் வீட்டுக்கு வீடு ஏதோ ஒன்று வந்து சேர்ந்தது. ஒரு வீட்டில் கப்பல் மணி. சோறு ஆனதும் அதை அடிப்பார்கள், எங்களுக்கும் பசி வரும். இன்னொரு வீட்டில் வெள்ளைப் பீங்கான் குளியல் தொட்டி. அதில் ஆட்டுக்குத் தண்ணீர் வைத்தார்கள், ஆடு முகத்தைத் திருப்பிக்கொண்டு போய்விட்டது. எங்கள் வீட்டுக்கு அவர் ஒரு மரப்பெட்டியைத் தோளில் சுமந்துகொண்டு வந்தார். பூட்டுப் போட்ட பெட்டி. பூட்டை உடைத்துப் பார்த்தால் உள்ளே ஒற்றைச் சப்பாத்து, முகம் மழிக்கும் தூரிகை, ஒரு தடித்த புத்தகம்.

மாமி எட்டிப் பார்த்தார். "ஒத்தைச் சப்பாத்தை ஏலத்தில எடுத்த ஒரே ஆள் என்ர மகன்தான். மற்றக் கால் எப்ப வருமாம்?"

அவர் குளிக்கப் போய்விட்டார்.

தூரிகை சாமித்தட்டுத் தூசி தட்டப் போனது. புத்தகத்துக்கும் மாமி ஒரு வேலை கண்டுபிடித்தார். குசினியில் எலுமிச்சங்காய் ஊறுகாய்ச் சாடி ஒன்று இருந்தது. அதன் மூடி ஒருபக்கம் தூக்கிக்கொண்டு நிற்கும். புத்தகத்தை மேலே வைத்தால் மூடி அச்சாவாக அமர்ந்தது. இனி அது ஊறுகாய்ப் பாரம்.

ஊறுகாய் எடுக்கப் போகும்போதெல்லாம் நான் அந்தப் புத்தகத்தைத் தூக்குவேன். மட்டையில் ஒரு படம். தொப்பி போட்ட ஒரு பெடியன், மீன் என்றும் சொல்ல முடியாத, வண்டி என்றும் சொல்ல முடியாத ஒரு இரும்புச் சாமானின் முதுகில் குந்தியிருக்கிறான். சுற்றிவர அலை. அவன் முகத்தில் ஒரு சிரிப்பு, ஆரும் செய்யாத ஒன்றைச் செய்துவிட்டு வந்து நிற்கிற சிரிப்பு. அதைப் பார்க்கவே நான் தேவையில்லாமல் ஊறுகாய் தின்றேன்.

ஒருநாள் மச்சாளிடம் கேட்டேன். மச்சாள் என்றால் அவருடைய தங்கச்சி. கன்னியாஸ்திரிகளின் பள்ளிக்கூடத்தில் இங்கிலீசில் படித்துச் சோதனையும் பாஸ் பண்ணியவள். மட்டக்களப்புக் கலாசாலைக்குப் போய் ரீச்சராக வரவேணும் என்று அவள் ஒற்றைக் காலில் நின்றாள். படித்தது காணும், இனிக் கலியாணம் என்று மாமி மற்றக் காலில் நின்றார்.

"இந்தப் பெடியன் ஆர் மச்சாள்?"

"புதுசு புதுசா மெசின் செய்யிறவன், அண்ணி."

"செய்து?"

"செய்து அதில ஏறிப் போறவன்."

"எங்க?"

"அதுதானே கதை," என்று சொல்லிப் புத்தகத்தை முகர்ந்தாள். "சீ, ஊறுகாய் மணக்குது."

அன்றைக்குப் பின்னேரமே தொடங்கிவிட்டாள். பின்னேரங்களில் எங்கள் பின்வளவு முருங்கை நிழலில் நெத்தலிக் கருவாடு துப்புரவாக்குவோம். தலையைக் கிள்ளித் தலை ஒரு பக்கம், உடம்பு சட்டிக்குள். பக்கத்து வீட்டு முஸ்லிம் அக்கா வருவார், ராத்தா என்றுதான் கூப்பிடுவோம். கிண்ணியாவில் பிறந்து, புருசன் இங்கே கடை வைத்ததால் வந்து இருந்தவர். சல்லி ஊரில் பிறந்த சல்லி அக்காவும் வருவார். அவர் புருசன் சங்கு குளிக்கிறவர். மச்சாள் ஒரு வாங்குப் பலகையில் ஏறியிருந்து, இங்கிலீசைக் கண்ணால் பார்த்துத் தமிழை வாயால் சொன்னாள். அது எப்படி என்று எனக்கு இன்றைக்கும் அதிசயம்தான். ஒரு பானைக்குள் ஒன்றைப் போட்டு வேறொன்றை எடுக்கிறமாதிரி.

மாமி மட்டும் வந்து இருக்கவில்லை. "கதைப் புத்தகத்தில இருந்து சோறு வருமோ?" என்று சொல்லிக் குசினி வாசலில் எங்களுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு திருவலையில் தேங்காய் துருவுவார்.

கதை இதுதான். குளிர்ப் பிரதேசத்தில் ஒரு கடற்கரை ஊர். அந்த ஊர்ப் பெடியன் ஒருவன் கடலுக்கு அடியால் போகிற இரும்பு வள்ளம் செய்கிறான். பெரிய கொதிநீர்ப் பொயிலர் ஒன்றைத் தட்டி நிமிர்த்திச் செய்கிறான். பொயிலர் எங்களுக்கு விளங்கவில்லை. "நெல் அவிக்கிற கிடாரம் ரெண்டை வாயோட வாய் வைச்சு ஒட்டினமாதிரி," என்றாள் மச்சாள். உடனே விளங்கிவிட்டது. அன்றிலிருந்து அவன் எங்களுக்குக் கிடாரத்துப் பெடியன். அவனுக்கு ஒரு இங்கிலீசுப் பெயரும் இருந்தது. அது எங்கள் ஒருவர் வாயிலும் நிற்கவில்லை.

ராத்தாவுக்கு முதல் நாளே ஒரு மனக்குறை. "புள்ள, அவன்ட உம்மா எங்க?"

"உம்மா இல்லை ராத்தா. மவுத்தாப் போயிட்டா."

"மறுகா ஆர் சோறு குடுக்கிற?"

மச்சாள் ஒரு ஒற்றையை, அதுதான் தாளை, பின்னால் தட்டினாள், முன்னால் தட்டினாள். "அது... எழுதேல்லை."

"காலையில இருந்து இரும்பு அடிக்கிறான். ஒரு வாய் தண்ணி குடிச்சதாச் சொல்லேல்ல. இவன் எப்பிடிப் புள்ள உசிரோட இரிக்கான்?"

சல்லி அக்காவும் சேர்ந்துகொண்டார். "அதானே. என்ர மனிசன் ரெண்டு தரம் மூழ்கி எழும்பினால் பழஞ்சோறு கேப்பார்."

அடுத்த நாள் மச்சாள் புத்தகத்தைத் திறந்ததும் சொன்னாள், "நேற்று ஒரு இடம் விட்டுட்டன். அவனுக்கு ஒரு பெரியம்மா இருக்கிறா." எங்களுக்கு வந்த சந்தோசம்! பெரியம்மா அவனுக்குப் பாண் ரொட்டியும் முட்டையும் கொடுத்தார், கையெல்லாம் கரி என்று ஏசினார். மெசின் பைத்தியத்தை விட்டுவிட்டு ஒழுங்கான வேலைக்குப் போ என்றார். குசினி வாசலில் துருவுகிற சத்தம் கொஞ்சம் மெதுவாகியது. அதற்கு அடுத்த நாள் ஒரு பூனையும் வந்தது. எங்கள் வீட்டுப் பூனை மாதிரியே ஒற்றைக் காது மடிந்த பூனை. கிடாரத்துக்குள் பெடியன் இறங்கினால் அதுவும் இறங்கும்.

மாமியின் திருவலையைப் பற்றிச் சொன்னேனே, அதை வைத்துத்தான் கதை எப்படிப் போகிறது என்று நாங்கள் அளந்தோம். கதை தளர்ந்தால் சரக் சரக் என்று துருவும். பெடியன் ஆபத்தில் மாட்டினால் நின்றுவிடும். பெடியன் தப்பினால் பழையபடி சரக் சரக். சம்பலுக்கு ஒரு பாதி காணும் என்றால், அந்த நாட்களில் மாமி இரண்டு தேங்காயைத் துருவி வைத்திருப்பார். எங்கள் வீட்டில் அப்போது எல்லாவற்றிலும் தேங்காய்.

இப்படிப் போய்க்கொண்டிருக்கும்போது கதையில் ஒரு கொடிய இடம் வந்தது. பெடியன் கடலுக்கு அடியில் போகிறான். அங்கே பழைய கப்பல் ஒன்று மூழ்கிக் கிடக்கிறது. அதன் சங்கிலியில் கிடாரம் கொழுவிக்கொண்டது. முன்னுக்கும் ஏலாது, பின்னுக்கும் ஏலாது. உள்ளே காற்று முடிந்துகொண்டு வருகிறது. அந்த நேரம் பார்த்துப் பெடியன் தனக்குத் தானே பேசத் தொடங்கிவிட்டான். தைரியம் வேணும், பயப்படக்கூடாது என்று பக்கம் பக்கமாகப் பேசுகிறான்.

சல்லி அக்காவுக்குப் பொறுக்கவில்லை. "காத்து முடியுது எண்டு தெரியுதெல்லோ, பிறகு ஏன் கதைக்கிறான்? என்ர மனிசன் தண்ணிக்குக் கீழ கதைப்பாரோ?"

"புத்தகத்தில அப்பிடித்தான் அக்கா இருக்கு."

"ஐயோ, வாயை மூடச் சொல்லு புள்ள," என்றார் ராத்தா. அவர் சட்டிக்குள் நெத்தலித் தலைகளைப் போட்டுக்கொண்டிருந்தார். உடம்பெல்லாம் பூனைக்குப் போய்க்கொண்டிருந்தது.

அப்போது குசினி வாசலிலிருந்து ஒரு சத்தம் வந்தது. "எடியே! கதைக்காமல் கிடக்கச் சொல்லடி அவனை!"

நாங்கள் எல்லோரும் திரும்பிப் பார்த்தோம். மாமி திருவலையில் குந்தியபடி எங்களைப் பார்த்து இருந்தார். பிறகு, "பூனை கருவாட்டைத் தின்னுது, அதைச் சொன்னனான்," என்று திரும்பிக்கொண்டார்.

அந்த அதிகாரம் அங்கே முடிந்தது. அடுத்த நாள் பார்ப்போம் என்று எழும்பினோம். அடுத்த நாள் வரவில்லை.

அந்த அடுத்த நாள் காலையில் தரகர் வந்து, மூதூர்ப் பக்கத்தில் வயலும் எருமைப் பட்டியும் உள்ள ஒரு மாப்பிள்ளை, வெள்ளிக்கிழமை பெண் பார்க்க வருகிறார்கள் என்று சொல்லிப் போனார். மாமி தலையாட்டிவிட்டார். மச்சாளைக் கேட்கவில்லை. கலாசாலைக்கு எடுபட்டிருக்கிறாள் என்று ஊருக்கே தெரியும். அடுத்த மாதம் போய்ச் சேரவேணும். இந்தச் சம்பந்தம் முற்றாகிவிட்டால் கலாசாலையும் இல்லை, ரீச்சரும் இல்லை, எருமை மாடுதான்.

பின்னேரம் நாங்கள் நெத்தலிச் சுளகோடு வந்து இருந்தோம். மச்சாள் வாங்கில் ஏறவில்லை. புத்தகத்தை எடுத்துக்கொண்டு நேரே குசினிக்குள் போனாள். ஊறுகாய்ச் சாடியின் மேல் அதை வைத்தாள். நன்றாக அமர்த்தி வைத்தாள்.

"அம்மா, அந்த மாப்பிள்ளையை வரவேண்டாம் எண்டு சொல்லுங்கோ. என்னைக் கலாசாலைக்கு விடுங்கோ. அதுவரைக்கும் அவன் அடியிலயே கிடக்கட்டும்."

"ஆர் அடியில?" என்று கேட்டார் மாமி, தெரியாதவர் மாதிரி.

"கிடாரத்துப் பெடியன்."

"கிடந்தால் கிடக்கட்டும். எனக்கென்ன?"

மாமி தேங்காயைத் துருவத் தொடங்கினார். ஆனால் அது துருவுகிற சத்தமாக இல்லை. சிரட்டையைச் சுரண்டுகிற சத்தம்.

பார்த்துக்கொள்ளுங்கள், அவள் புத்தகத்தை ஒளித்து வைக்கவில்லை. எல்லோரும் பார்க்கிற இடத்தில், கைக்கு எட்டுகிற இடத்தில் வைத்தாள். எடுத்து என்ன செய்வது? வீட்டில் வேறு ஆருக்கு வாசிக்கத் தெரியும்? நான் போய்ப் போய் மட்டையைப் பார்த்தேன். பெடியன் சிரித்துக்கொண்டிருந்தான். அடியில் மூச்சு முட்டிக்கொண்டிருக்கிறவனுக்கு என்ன சிரிப்பு என்று எனக்கு அழுகை வந்தது.

அவரிடம் கொடுத்துப் பார்த்தேன். "நீங்கள் டொக்யாட்டில இங்கிலீசு பாக்கிறனீங்கள்தானே." அவர் புத்தகத்தை விளக்குக்குக் கிட்டப் பிடித்து, நெற்றியைச் சுருக்கி, ஒற்றை ஒற்றையாகப் பிரட்டினார். கடைசியில் ஒரு இடத்தில் விரலை வைத்தார். "இஞ்ச 'டேஞ்சர்' எண்டு கிடக்கு."

"அது எங்களுக்கும் தெரியும்."

"வேற ஒண்டும் டொக்யாட்டுப் போர்டில எழுதிற சொல்லாக் காணேல்லை," என்று மூடித் தந்துவிட்டார்.

அப்போதுதான் ராத்தா கிளாக்கர் ஐயாவை நினைவூட்டினார். ஒழுங்கை முடிவில் இருந்த, அரசாங்கத்தில் கிளார்க்காக இருந்து பென்சன் எடுத்த மனிதர். நாய்க்கும் இங்கிலீசில்தான் ஏசுவார். அவர் வந்தார். கதிரை போட்டோம், தேத்தண்ணி கொடுத்தோம். மச்சாள் உள்ளே போய்த் தலை சீவிக்கொண்டிருந்தாள், சிரிக்கிறாளா கோபமா என்று தெரியவில்லை. மாமி வழக்கம்போல முதுகைக் காட்டி இருந்தார்.

ஐயா முதலில் இங்கிலீசிலேயே ஒரு ஒற்றை வாசித்தார். கோயிலில் மந்திரம் சொல்லுகிறமாதிரி நன்றாகத்தான் இருந்தது. பிறகு தமிழில் சொல்லத் தொடங்கினார். பெடியன் கிடாரத்துக்குள் தனியே இருக்கிறான் என்றார்.

"தனிய இல்லையே," என்றேன். "பூனை?"

ஐயா தேடிப் பார்த்தார். "பூனை இல்லை, பிள்ளை."

"காது மடிஞ்ச பூனை."

"காது நிமிர்ந்த பூனையும் இல்லை."

ராத்தா முன்னுக்கு வந்தார். "பெரியம்மா கரையில நிண்டு தேடுறாவா? அதச் சொல்லுங்க."

"எந்தப் பெரியம்மா?"

"அவனுக்குச் சோறு குடுக்கிறவ."

"அம்மா, இந்தப் புத்தகத்தில பெரியம்மா எண்டு ஒரு ஆளே கிடையாது."

நாங்கள் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்தோம். சல்லி அக்கா என் காதுக்குள், "கிளாக்கர் வேலைதான் பாத்தவர். கதைப் புத்தகத்து இங்கிலீசு வேறயாக்கும்," என்றார்.

ஐயாவுக்குக் கேட்டுவிட்டது. முகம் சிவந்து, புத்தகத்தின் கடைசிப் பக்கத்தைத் திருப்பினார். "இஞ்ச பாருங்கோ. பெடியன் தப்பியிட்டான். கடைசியில இருக்கு. போதுமோ?"

அதற்குத்தான் மாமி எழும்பி வந்தார். திருவலையைத் தூக்கிக் கையில் பிடித்துக்கொண்டே வந்தார். "ஆர் தப்பினது? பெரியம்மாவும் இல்லாமல், பூனையும் இல்லாமல் ஒரு பெடியன் தப்பினால் தப்பட்டும். அது வேற பெடியன். எங்கட பெடியன் இன்னும் அடியில கிடக்கிறான்."

கிளாக்கர் ஐயா புத்தகத்தை மூடினார். தேத்தண்ணியைக் குடித்து முடித்தார். போகும்போது, "இதைக் கொஞ்சம் கொண்டுபோய் வாசிச்சிட்டுத் தரட்டோ? நடுவில நல்லாப் போகுது," என்று மெதுவாகக் கேட்டார்.

"ஏலாது. ஊறுகாய்க்குப் பாரம் வேணும்," என்றார் மாமி.

வெள்ளிக்கிழமை கிட்ட வந்தது. மாமி பலகாரத்துக்கு மா இடித்தார். மச்சாள் சாப்பாட்டைக் குறைத்தாள். நான் இரண்டு பேருக்கும் நடுவில். மச்சாளுக்காக மனம் பதைத்ததா, பெடியனுக்காகப் பதைத்ததா என்று கேட்டால், உண்மையைச் சொல்ல, எனக்குப் பிரித்துப் பார்க்கத் தெரியவில்லை. இரண்டு பேரும் ஒரே கிடாரத்துக்குள் இருந்தமாதிரித்தான் இருந்தது.

வியாழக்கிழமை காலை நான் அந்த வெள்ளைக்காரத் தூரிகையால் சாமித்தட்டைத் தட்டிக்கொண்டிருந்தேன். முருகன் படத்துக்குப் பின்னால் ஒரு மஞ்சள் துணி முடிச்சு. உள்ளே காசு. எங்கள் பக்கத்தில் ஏதாவது ஆபத்து என்றால் மஞ்சள் துணியில் ஒரு காசை முடிந்து, வெருகல் முருகனுக்கு நேர்த்தி வைப்போம். ஆபத்து நீங்கினால் கோயிலுக்குப் போய்க் காசை உண்டியலில் போட்டு, அர்ச்சனை செய்து வரவேணும். அவருக்கு டொக்யாட்டில் ஏதும் நடந்துவிட்டதோ, எனக்குச் சொல்லாமல் வைத்திருக்கிறார்களோ?

மாமியிடம் ஓடினேன். "மாமி, இது ஆருக்கு வைச்ச நேர்த்தி?"

மாமி உரலில் மா இடித்துக்கொண்டிருந்தவர் உலக்கையை நிறுத்தினார். "எடுத்த இடத்தில வை."

"அவருக்கு ஏதும் சுகமில்லையோ?"

"அவனுக்கென்ன, கல்லு மாதிரி இருக்கிறான்."

"அப்ப ஆருக்கு?"

மாமி இரண்டு பக்கமும் பார்த்தார். "அந்தப் பெடியனுக்கு."

"எந்தப் பெடியன்?"

"எத்தினை பெடியன் பிள்ளை கடலுக்கடியில கிடக்கிறான்? கிடாரத்துக்க இருக்கிறவன்தான்."

எனக்குச் சிரிப்பும் வந்தது, சிரிக்கவும் ஏலாது. மாமியின் முகம் அப்படி இருந்தது.

"தாயில்லாப் பிள்ளை," என்றார் மாமி. "காத்து முடியுது எண்டு சொல்லிப்போட்டு அவள் புத்தகத்தை மூடியிட்டாள். என்னால கேட்டுக்கொண்டு சும்மா இருக்க ஏலாமல் போச்சு. வாயில வந்திட்டுது, முருகா, இவனை வெளியில எடுத்துவிடு, ஆவணித் திருவிழாவுக்கு வந்து அர்ச்சனை செய்யிறன் எண்டு. இப்ப பார். திருவிழா வருது. அவன் தப்பினானோ இல்லையோ எண்டு தெரியாமல் முருகனுக்கு முன்னால போய் நான் என்னத்தைச் சொல்லுறது? போகாமல் விட்டால் நேர்த்தி தவறினமாதிரி. போனால், செய்யாத காரியத்துக்கு நன்றி சொன்னமாதிரி."

"அதோட மாமி," என்றேன் நான். அந்த நேரத்தில் எனக்கு அந்தப் புத்தி எங்கிருந்து வந்ததோ தெரியாது. "நேர்த்தி ஒண்டு முடியாமல் கிடக்கேக்க வீட்டில நல்ல காரியம் பேசலாமோ?"

மாமி உலக்கையைச் சுவரில் சாத்தினார். பிறகு முந்தானையில் கையைத் துடைத்துக்கொண்டு, நேரே மச்சாளிடம் போனார். நானும் பின்னால் போனேன்.

"எடியே, எழும்பு. பெடியனை எடு."

"முதல் என்னை விடுங்கோ."

"அவனுக்குக் காத்து முடியுதடி."

"எனக்கும் முடியுதம்மா."

மாமி வாசல் நிலையைப் பிடித்துக்கொண்டார். வெளியே அந்தக் கப்பல் மணி அடித்தது, ஆரோ வீட்டில் சோறு ஆகிவிட்டது.

"தரகருக்குச் சொல்லி அனுப்பிறன்," என்றார். "வீட்டில ஒரு நேர்த்தி கிடக்கு, சம்பந்தம் பேச ஏலாது எண்டு."

"நேர்த்தி முடிஞ்ச பிறகு?"

"முடிஞ்ச பிறகு நீ மட்டக்களப்பில. எருமை மாடு ஆரைப் பாக்க வாறது? போ, போய்ப் படி. ரீச்சராகு, என்னவெண்டாலும் ஆகு. ஆனால் அவனை இண்டைக்கே மேல எடுத்துப்போடு."

மச்சாள் எழும்பி வந்து மாமியைக் கட்டிப்பிடித்தாள். "விடடி, மா ஒட்டுது," என்றார் மாமி.

அன்றைக்குப் பின்னேரம் முருங்கை நிழலில் இருக்க இடமில்லை. ராத்தா தன் மூத்த மகளையும் கூட்டிவந்தார். கிளாக்கர் ஐயா வேலிக்கு அந்தப் பக்கம் நாயைத் தேடுகிறமாதிரி நின்றார். மாமி திருவலையைக் குசினியில் விட்டுவிட்டு, எங்கள் நடுவில், முகத்தை இந்தப் பக்கம் திருப்பி வந்து இருந்தார்.

மச்சாள் வாசித்தாள். பெரியம்மாவுக்கு வீட்டில் இருப்புக் கொள்ளவில்லை. கரைக்கு ஓடுகிறார். கடலில் ஒரு இடத்தில் குமிழி வருகிறதைக் காண்கிறார். ஊரைக் கூப்பிடுகிறார். ஒருவன் சுழியோடிப் போய்க் கிடாரத்தில் கயிறு கட்டுகிறான். கரையில் ஊர்ச் சனம் முழுவதும் இரண்டு பக்கமும் நின்று, கரைவலை இழுக்கிறமாதிரி இழுக்கிறது.

"கயித்தைக் கையில சுத்தாமல் பிடிக்கச் சொல்லு," என்றார் சல்லி அக்கா. "இழுவை வந்தால் கையைக் கொண்டுபோயிடும்."

"ஓம் அக்கா, அப்பிடித்தான் பிடிக்கினம்."

"பாட்டுப் பாடி இழுக்கினமோ?"

"பாடுகினம்."

"அப்ப வரும்."

வந்தது. மூடியைத் திறந்தார்கள். முதலில் பூனை வெளியே பாய்ந்தது. ராத்தா "யா அல்லாஹ்" என்று கையை நெஞ்சில் வைத்தார்.

"பெடியன்?" என்றார் மாமி. "மூச்சு இருக்கோ?"

மச்சாள் மாமியை ஒருதரம் பார்த்தாள். "இருக்கம்மா. கண்ணைத் திறந்திட்டான்."

"பெரியம்மாக்காரி என்ன குடுத்தவள் அவனுக்கு? சும்மா நிக்கிறாளோ?"

"மல்லித்தண்ணி."

"இஞ்சி தட்டிப் போட்டோ?"

"போட்டு."

"அது காணும்," என்று மாமி முந்தானையால் மூக்கைத் துடைத்தார். வேலிக்கு அந்தப் பக்கம் கிளாக்கர் ஐயா தொண்டையைச் செருமினார். பெரியம்மா இல்லை என்று இன்னொருதரம் சொல்ல அந்த மனிதருக்கு மனம் வரவில்லையாக்கும்.

எனக்கு எழுத்துத் தெரியாது, கண் தெரியும். கயிறு கட்டியதிலிருந்து மல்லித்தண்ணி வரை மச்சாள் ஒரு ஒற்றையும் பிரட்டவில்லை. கண் புத்தகத்தில் இல்லை, முருங்கைக்கு மேலால் எங்கேயோ இருந்தது. அந்த நேரம் அவள் முகத்தைப் பார்த்தேன். மட்டைப் படத்தில் இருந்த அதே சிரிப்பு. நான் நெத்தலித் தலையைக் கிள்ளிக்கொண்டு பேசாமல் இருந்தேன். அவ்வளவு சந்தோசம் எனக்கு அதற்கு முதல் வந்ததில்லை.

திருவிழாவுக்கு லாஞ்சிப் படகில் மூதூருக்குப் போய், மாட்டுவண்டி பிடித்து, தோப்பூரில் இறங்கித் தேத்தண்ணி குடித்து, வெருகலுக்குப் போய்ச் சேர்ந்தோம். ராத்தா தன் பங்குக்கு ஒரு பொதி கற்கண்டு கொடுத்துவிட்டிருந்தார். ஆற்றில் குளித்து ஈரச் சீலையோடு நின்றோம். சனம் என்றால் சனம். மாமி காசை உண்டியலில் போட்டுவிட்டு, அர்ச்சனைத் தட்டை நீட்டினார்.

ஐயர் கேட்டார், "ஆரின்ர பேரில? நட்சத்திரம் என்ன?"

மாமி மச்சாளைத் திரும்பிப் பார்த்தார். மச்சாள் அந்த இங்கிலீசுப் பெயரைச் சொல்ல வாயெடுத்தாள். ஐயர் தட்டோடு நிற்கிறார். பின்னால் ஒரு காவடி முதுகில் இடிக்கிறது. மாமி சட்டென்று ஐயர் பக்கம் திரும்பி, ஒரு பெயரும் ஒரு நட்சத்திரமும் சொன்னார். ஐயர் அதைச் சொல்லிக்கொண்டே உள்ளே போனார்.

மச்சாளுக்குக் காது சிவந்துவிட்டது. "அம்மா, அது என்ர பேரெல்லோ?"

"ஓம்."

"என்ர நட்சத்திரமெல்லோ?"

"அவன்ர நட்சத்திரம் எனக்கெப்பிடித் தெரியும்? உன்னைப் பெத்தனான், உன்ர தெரியும். சனம் தள்ளுது, ஐயர் பாத்துக்கொண்டு நிக்கிறார், நான் என்ன செய்யிறது? முருகனுக்கு விளங்கும்."

திரும்பி வரும்போது லாஞ்சியில் காற்று நன்றாக அடித்தது. மச்சாள் மடியில் புத்தகம் இருந்தது. மட்டக்களப்புக்கு அதையும் கொண்டுபோகப்போகிறாள் என்று எங்களுக்குத் தெரியும். ஊறுகாய்ச் சாடிக்கு மாமி கடற்கரையில் ஒரு கல்லுப் பார்த்து வைத்திருந்தார். கொஞ்சத் தூரம் வந்ததும் மாமி கடலைப் பார்த்தபடி கேட்டார், "அந்தப் பெடியன் பிறகு என்ன செய்தவன்? ஒழுங்கான வேலைக்குப் போனவனோ?"

"இல்லையம்மா. அடுத்த மெசின் செய்யத் தொடங்கியிட்டான்."

"இனி என்ன மெசின்?"

"ஆகாயத்தில பறக்கிறது."

மாமி மச்சாளை ஒருதரம் பார்த்தார். பிறகு அர்ச்சனைத் தட்டில் கிடந்த மஞ்சள் துணியை எடுத்து, இடுப்பிலிருந்து ஒரு காசை எடுத்து, இறுக்கி முடிந்துகொண்டார்.